கையுறைக்காரன் பெயர்

தர்மேந்திரன் கிளை நட்டு வளர்த்துக் கொடுத்த கெம்போஜா பூமரம், புந்தோங்கில் இருக்கும் வீட்டு வாசல் தொட்டியில் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றியபடியே தினேஸ்வரி சொன்னாள்.

"வெள்ளைக்காரன் இத ஃப்ராஞ்சிபானின்னு சொல்றான்ல, அது ஒரு இத்தாலிக்காரன் பேருங்க. தோல் கையுறைக்கு வாசனை செஞ்சவனாம். இந்தப் பூ அதே வாசனையா இருக்கேன்னு அவன் பேரையே வச்சிட்டாங்களாம். மரத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல."

"யாரு சொன்னா?" என்றான் அவள் கணவன் பத்துமலை.

"தர்மேன்."

தர்மேந்திரன் அவள் வேலை செய்யும் செடிக்கடையில் செடிகளுக்கு ஒட்டுக்கட்டுபவன். கொஞ்ச காலம் முன்புவரை 'தர்மேந்திரன் அண்ணே' என்றுதான் சொல்வாள். அண்ணே எப்போது உதிர்ந்தது என்று பத்துமலைக்குத் தெரியவில்லை. சொல்லும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சம்தான் அவனை அறுத்தது. இந்த வீட்டில் அரிசி, சிலிண்டர், பிள்ளையின் பள்ளி பஸ் இவற்றைப் பற்றித்தான் அவள் அவனிடம் பேசுவாள்.

அவனும் முயன்று பார்த்தான். கமுந்திங் பக்கம் போகும்போது தான் ஓட்டும் லோரியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பேசியில் தேடி, கெம்போஜா என்ற பெயர் கம்போடியாவிலிருந்து வந்ததென்று படித்து வந்து சொன்னான்.

"ஆமாங்க, ஆனா மரம் அங்கேருந்து வரலியாம். தர்மேன் சொன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை அவள் பசாருக்கு மீன் வாங்கப் போனதும் பாராங் கத்தியை எடுத்தான். நாலே வெட்டு, கெம்போஜா துண்டுகளாய் விழுந்தது. வெள்ளைப் பால் பீறிட்டு விரல்களில் ஒட்டியது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், பால் புதிதல்ல.

அவள் வந்து நின்றாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"கல்லறையில வக்கிற மரம். வீட்டுக்கு ஆகாது லா" என்றான்.

அவள் குந்தி உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா சாய்வாத்தான் வெட்டியிருக்கீங்க. பால் காஞ்சதும் மண்ணுல சொருகுனா ஒவ்வொண்ணும் மரமாயிரும்."

கேலியா என்று அவள் முகத்தில் தேடினான். ஒன்றும் பிடிபடவில்லை. துண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தவள், நீளமான ஒன்றை மட்டும் செய்தித்தாளில் சுற்றி அவனிடம் நீட்டினாள்.

"இது தர்மேனுக்கு. நாளைக்கு லோரியில போறப்ப நீங்களே குடுத்துட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டான். அவள் உள்ளே போய் மீனைக் கழுவத் தொடங்கிய சத்தம் கேட்டது. செய்தித்தாளை நனைத்துக்கொண்டு, பால் மெல்ல அவன் உள்ளங்கைக்கு வந்தது.