மரியநாயகத்தின் முறை

ராஜினிக்குக் கோபம் வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டாள். அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்தே அவள் உட்காரவில்லை. சுபாங் ஜெயாவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவியாக வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள், சிறந்த சேவை விருதுக்கு இந்த வருஷம் யார் பெயரைப் போட வேண்டும் என்று குமாஸ்தா தனலெட்சுமி வந்து சொல்கிறாள். கேட்கவில்லை, சொல்கிறாள்!

“இந்த வருஷம் மரியநாயகம் அங்கிளோட கிலிரான், டாக்டர்.”

“கிலிரானா?”

“ஆமா. வருஷத்துக்கு ஒரு ஆளு. போன வருஷம் ஃபரிடா, அதுக்கு முந்தி மிஸ்டர் லிம். முறை வெச்சித்தான் குடுக்குறது. எல்லாருக்கும் தெரியும்லா.”

“அவார்டுக்கு முறையா? இதென்ன தனம், பாசார்ல மீன் வாங்குற வரிசையா? நின்னுக்கிட்டே இருந்தா கைக்கு வந்துருமா?”

தனலெட்சுமி அசரவில்லை. பதினொரு வருஷத்தில் எத்தனையோ தலைவர்களைப் பார்த்தவள். “ஆகஸ்டுல ரிட்டயர் ஆவுறாரு டாக்டர். இதான் அவருக்குக் கடைசி. இத விட்டா இருபத்தெட்டு வருஷ வேலைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாம போவாரு.”

ராஜினி மேசைமேல் கிடந்த மதிப்பீட்டுத் தாள்களைத் தட்டிக் காட்டினாள். துறையில் இருக்கிற ஒன்பது உதவியாளர்களுக்கும் மூன்று வாரம் உட்கார்ந்து அவளே மதிப்பெண் போட்டிருக்கிறாள். சோதனைக்கூடத்து லோகனுக்குத் தொண்ணூற்றொன்று. மரியநாயகத்துக்கு எண்பத்தெட்டு. கெட்டுப்போன இயந்திரத்தை வெளியாள் கூப்பிடாமல் தானே பிரித்துப் போட்டு ஓடவைத்த பையன் லோகன். ரசாயனப் போத்தல் ஒவ்வொன்றும் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கணினியில் ஏற்றிவைத்ததும் அவன்தான். மரியநாயகம் நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. தினம் கிள்ளானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பவர். ஆனாலும் எண்பத்தெட்டு எண்பத்தெட்டுதானே?

“எனக்கும் ஏழு வருஷத்துக்கு முன்னாடி இந்த அவார்டு கெடச்சிருக்கு தனம், பழைய டிப்பார்ட்மென்ட்ல. நான் என்ன வரிசையில நின்னா வாங்குனேன்?”

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் கோபத்தோடு ராஜினி பதினொரு மணிக்கு மனிதவளப் பிரிவின் இணையப் பக்கத்தைத் திறந்து, லோகனின் பெயரைப் போட்டு, ஒரே அழுத்தாக அழுத்தி அனுப்பிவிட்டாள். நியாயத்தைச் செய்தவளுக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. தனலெட்சுமி ஏன் வாயை மூடினாள்? மற்ற நேரத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாத வாயாயிற்றே அது! ராஜினி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். மூன்று மின்னஞ்சல்களைப் பாதி பாதியாக எழுதி அப்படியே விட்டாள். தேநீர் போட்டு, குடிக்க மறந்து, ஆறியதைக் கொட்டினாள்.

ஒரு மணிக்குக் கேன்டீனுக்குப் போனால் அங்கே வேறு காட்சி. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. அவளுடைய துறை ஆட்கள் ஒரு நீள மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். லோகன் மட்டும் தூணோரமாகத் தனியாக, தட்டில் கிடந்த சோற்றை விரலால் கிளறிக்கொண்டிருக்கிறான். கண் டாக்டரைப் பார்க்க அரை நாள் விடுப்பு எடுத்திருந்த மரியநாயகம் இன்னும் வந்து சேரவில்லை. அவருடைய காதில் யாரும் இதைப் போடக்கூடாது என்று ஃபரிடா அந்த மேசைக்கே கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். ராஜினியைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது. அவள் சாப்பிடாமலே திரும்பினாள்.

நேராகத் தனலெட்சுமியின் மேசைக்குப் போய் நின்றாள்.

“காலையில என்னமோ சொல்ல வந்தீங்க. முழுங்கிட்டீங்க. என்ன அது?”

“ஒன்னும் இல்ல டாக்டர்.”

“தனம்!”

தனலெட்சுமி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “மரியநாயகம் அங்கிளோட கிலிரான் மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்துச்சு டாக்டர். நான் அப்ப காண்ட்ராக்ட்ல இருந்தேன். பெர்மனென்ட் ஆக்குறதுக்கு என் ஃபைல்ல ஏதாச்சும் ஒரு அவார்டு வேணும்னு சொன்னாங்க. அவரு முறையைத் தூக்கி எனக்குக் குடுத்துட்டு, இந்த வருஷம் வர வேண்டிய என் முறைக்கு மாறிக்கிட்டாரு. என்னைக் கேக்கக்கூட இல்ல. அதான் எனக்கு மனசு ஆறல.”

“சரி. இத காலையிலயே சொல்லியிருக்கலாமே?”

“நான் முழுங்குனது அது இல்ல.” அவள் ராஜினியின் முகத்தைப் பார்க்காமல், விசைப்பலகையைப் பார்த்துச் சொன்னாள். “நான் இங்க வர்றதுக்கு முந்தி உங்க பழைய டிப்பார்ட்மென்ட்லதான் இருந்தேன். உங்களுக்குக் கெடச்ச வருஷம், கிரிதரன் சாரோட கிலிரான் டாக்டர். அவருக்கும் அதான் கடைசி வருஷம். ‘ராஜினி அசோசியேட் புரொஃபசருக்கு அப்ளை பண்றா, அவளுக்குத்தான் வேணும், எனக்கு என்னாத்துக்கு, இன்னும் சட்டம் போட்டு மாட்ட வீட்டுல இடம் இல்ல’ன்னு அவரு சொல்லிட்டாரு. ஃபாரத்த டைப் பண்ணுனதே நான்தான்.”

ராஜினிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வருஷம் விருந்து மண்டபத்தில் அவளுக்கு எதிரில்தான் கிரிதரன் உட்கார்ந்திருந்தார். இவள் பரிசை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அவரிடம் சொன்னாள்: “சார், நீங்களும் ரெண்டு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருந்தா இந்த வருஷம் உங்களுக்கே கெடச்சிருக்கும்.” அவர் சிரித்தார். “ஆமாம்மா, எனக்குச் சோம்பேறித்தனம்” என்றார். எழுந்து போய் அவளுக்கு ஐஸ்கிரீம்கூட எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கடவுளே! என்ன வாய் இது என்று ராஜினிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சிவசம்பு முதலில் காட்டுவது அந்தச் சான்றிதழைத்தான். மகள் திறமையால் வாங்கியது என்று ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் சொல்வார்.

கைப்பையை எடுக்காமல் அவள் வெளியே ஓடினாள். மனிதவளப் பிரிவு வளாகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளைக்கு மூடியிருந்த கதவு திறக்கும்வரை வாசலிலேயே நின்றாள். அங்கே இருந்த அதிகாரி பெர்னிஸ், கணினியைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினாள்.

“அனுப்புனா அனுப்புனதுதான் டாக்டர். பேர் போட்ட ஆளே எனக்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மட்டும் மாத்தலாம். நாலரைக்கு மூடிருவோம்.”

“இப்ப மணி என்ன?”

“மூணு பத்து.”

திரும்பி நடக்கும்போது அவளுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். லோகன்தானே முதலில் வந்தான்? அவனிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்க நீ யார்? கிரிதரன் கொடுத்ததைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டவள்தானே, இப்போது வந்து மதிப்பெண் பேசுகிறாயா? கால் மட்டும் சோதனைக்கூடத்தைப் பார்த்து வேகமாகப் போனது.

லோகன் நடைபாதையிலேயே அகப்பட்டான். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டான்.

“நானே வரலாம்னு இருந்தேன் டாக்டர். காலையிலேர்ந்து ஒருத்தரும் என்கிட்ட பேசல. கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூப்பிட்டா கை வலிக்குதுங்கறாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்? என்னோட கிலிரான் நாலு வருஷம் கழிச்சி வரும், அப்ப வாங்கிக்கிறேன்.”

“லோகன், உங்களுக்குத் தொண்ணூத்தொன்னு மார்க். எல்லாரையும்விட நீங்கதான் மேல. இதத் தெரிஞ்சிக்கிட்டுப் போடுங்க.”

பேனா நின்றது. “மெய்யாவா?” என்று கேட்டான். காது வரைக்கும் சிவந்துபோனான். “இது வரைக்கும் யாருமே நம்பர் சொன்னதில்ல டாக்டர்.” பிறகு குனிந்து, அவள் நீட்டிய தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து கோணலாக விழுந்தது.

நாலு பத்துக்குப் பெர்னிஸ் மரியநாயகத்தின் பெயரை ஏற்றினாள். ராஜினி மறுபடியும் வெயிலில் நடந்து வந்தாள். செய்தது சரியா தப்பா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் உடனே செய்ய வேண்டும் என்று இருந்தது. அந்த மனுஷனிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

மரியநாயகம் இரண்டு மணிக்கே வேலைக்குத் திரும்பியிருந்தார். சோதனைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், கண்ணில் மருந்து விட்ட கலங்கலோடு, கழுவிய கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோகன் தொட்டியில் மிச்சத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ராஜினி விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பார், கையைப் பிடித்துக்கொள்வார், கண்கலங்குவார் என்றெல்லாம் எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“ஒன்னு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே, டாக்டர்?”

“கேளுங்க அங்கிள்.”

“இது கிலிரானா, மார்க்கா?”

ராஜினி லோகனின் முதுகைப் பார்த்தாள். மரியநாயகமே தொடர்ந்தார்.

“இல்ல, ஜனவரி மீட்டிங்ல சொன்னீங்க. இனிமே மார்க் பாத்துத்தான் எல்லாம்னு. மத்தவங்க மொனகுனாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிலிரான்ல வர்றது யாருக்கும் வரும் டாக்டர், சும்மா உசுரோட இருந்தா போதும். அதனாலதான் அன்னிக்குத் தனத்துக்குத் தூக்கிக் குடுக்க எனக்குக் கஷ்டமாவே இல்ல. ஆனா மார்க்குன்னா வேற. இருபத்தெட்டு வருஷத்துல யாராச்சும் ஒரு ஆளு என் வேலையைப் பாத்தாங்கன்னு அர்த்தம். போறதுக்குள்ள அது மட்டும் தெரியணும்னு இருந்துச்சு.” அவர் துணியை மறுபடியும் எடுத்து மடித்தார். “கிலிரான்னாலும் பரவால்ல. சும்மா கேட்டேன்.”

மாணவர்களுக்கு அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடாதவள் ராஜினி. அழுதவர்களுக்கும் போட்டதில்லை, அப்பா அம்மாவோடு வந்து நின்றவர்களுக்கும் போட்டதில்லை.

“மார்க்தான் அங்கிள்” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். “எவ்வளவு?”

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லோகன் திரும்பவில்லை. எண்பத்தெட்டு என்று சொன்னால் என்ன? சொல்லலாம். அவர் அதற்கும் சந்தோஷப்படுவார். அப்படியானால் மற்றவர்களுக்கு எவ்வளவு, முதலில் வந்தது யார் என்று அடுத்து கேட்பாரே!

“தொண்ணூத்தொன்னு” என்றாள்.

லோகன் குழாயை மூடினான். ஈரக் கையோடு மெல்லத் திரும்பினான். ராஜினி அவனை நேராகப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

“நம்ம லேப்லயே அதான் ஹையஸ்ட், அங்கிள்” என்றான் லோகன்.

மரியநாயகம் கையை இரண்டு தரம் துடைத்தார். கைப்பேசியை எடுத்து, கலங்கிய கண்ணுக்குக் கிட்டே வைத்து எண்ணைத் தேடினார். கிள்ளான் வீட்டில் மனைவி எடுக்கும் வரை காத்திருந்தார். பிறகு அந்த அறையே அதிரக் கத்தினார்.

“சாந்தமேரி! கிலிரான்ல இல்லடி, மார்க்குல! தொண்ணூத்தொன்னு!”