செவ்வந்தி பெயரில் இருந்த மாத்திரை

2008 செப்டம்பர் 3, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, தொண்டியில் உள்ள என் மருந்துக்கடையில், ஒரு பெண்ணின் பெயரில் இருந்த நோய்க்குறிப்பை உரிமையில்லாத ஒருவர் கணினித் திரையில் படித்தார். கணினி வாங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. வாங்குவோர் பில்லைச் சரிபார்க்கட்டும் என்று திரையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தவள் நான். மாதந்தோறும் மருந்து வாங்குவோரின் பெயர், ஊர், மருந்து ஆகியவற்றோடு, அது எந்த நோய்க்கு என்ற கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும் என்று கட்டளையிட்டவளும் நானே.

வந்தவர் உத்தரகோசமங்கை நிலக்காரர் வீரபத்திரன். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பவர்கள் குணத்தை டீக்கடையிலும் உடம்பை மருந்துக்கடையிலும் விசாரிப்பது வழக்கம்.

"ஏத்தா, பூமயில் மக செவ்வந்திய எம் மகனுக்குக் கேட்டிருக்கோம். மாத்திரை கீத்திரை திங்குதான்னு பாத்துச் சொல்லு" என்றார், கணினியில் அமர்ந்திருந்த என் கடை உதவியாளர் நஸீராவிடம்.

"செவ்வந்தியா? அது கல்லத் தின்னாலும் செரிக்கும். நீங்களே பாருங்கய்யா!" நல்லது செய்வதாக நினைத்து நஸீரா பெயரைத் தட்டினாள்.

திரையில் வந்தது: செவ்வந்தி, மாத்திரை மாதம் அறுபது, நோய் வலிப்பு.

உள்ளிருந்து ஓடிவந்து நான் திரையை அணைப்பதற்குள் அவர் படித்துவிட்டார்.

"நல்லவேளை, தப்பிச்சோம்."

அந்த மாத்திரை செவ்வந்திக்கானது அன்று. அவள் தாய் பூமயிலுக்கு; வாங்க வருபவள்தான் செவ்வந்தி. கடைக்கு வருபவர் பெயரிலேயே பில் போடுவது எங்கள் பழக்கம். கணினியிலும் அப்படியே ஏறிவிட்டதை நஸீரா மறந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் சம்பந்தம் நிலைக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தை, பூமயில் இருபது ஆண்டுகளாக ஊருக்குத் தெரியாமல் காத்ததைத் தெருவில் வைத்துவிடும்.

"அதுல தப்பு இருக்கு, நம்பாதீங்க. அதுக்குமேல எங்கிட்ட ஒண்ணும் வராது" என்றேன்.

"அப்ப மாத்திரை யாருக்கு?"

"சொல்ல மாட்டேன். உங்களப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் இதே பதில்தான்."

"ஏன், எனக்கு என்னவாம்?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

அவர் முனகிக்கொண்டே பேருந்துக்குப் போனார். மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் பூமயில் வீட்டுக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

செவ்வந்தி வெடித்தாள். "நல்லா இருக்கும்மா ஒங்க கம்ப்யூட்டரு! உண்மைய அங்கனயே சொல்லிருக்க வேண்டியதுதானே?"

"அது உங்க அம்மா சொல்ல வேண்டியது. தப்பு என்னோடது, ஒத்துக்கத்தான் வந்தேன்."

வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பூமயில் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நானே போயிச் சொல்லுறேன். எஞ் சீக்கு எம் புள்ள பேருல ஏன் கெடக்கணும்?"

மறுநாள் போய்ச் சொன்னாள். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று வீரபத்திரன் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டனர். அந்த இழப்பை ஈடுசெய்ய என்னிடம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை நஸீராவும் நானும் அமர்ந்து முடிவு செய்தோம். திரை சுவர்ப்பக்கம் திரும்பியது. நோய்க்கான கட்டம் பழைய குறிப்புகளோடு அழிக்கப்பட்டது. மருந்து உண்பவர் பெயரில் மட்டுமே பதிவு. கடவுச்சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே. நோயாளியே சம்மதித்தால் அன்றி, பெற்றவரோ சம்பந்தியோ யார் கேட்டாலும் பதில் இல்லை. நஸீராவை நான் வேலையிலிருந்து நீக்கவில்லை. பிழை என் கட்டளையில் இருந்தது.