மூன்று அம்மா, இரண்டு அப்பா

குடியிருப்பின் நீக்கல் பிரிவிலிருந்து வந்தவர் கூடத்து நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளினார். "சின்னக் கணக்குதான். ஆனா இடத்தை அடைக்கும்" என்றார். கையில் ஒரு சாக்பீஸ், தோளில் சத்தம் அளக்கும் கருவி.

கீழ்வீட்டில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர் குடியிருக்கிறார். என் அம்மா அப்பா சண்டையில் தன் பியானோக்கள் சுருதி மாறிவிடுவதாகப் புகார் கொடுத்திருந்தார். குடியிருப்பின் விதி தெளிவானது: ஒரு வீட்டில் யார் குரல் பெரியதோ அவர் வெளியேற வேண்டும். ஊர்க்கோடியில், லாரிப் பட்டறைக்கு மேலே இருக்கும் சித்தப்பாவின் அறைதான் போக்கிடம். எனக்கு இரண்டு பேரும் வீட்டில் வேண்டும். ஆனால் தன் வீட்டுக் கூரை வழியாகக் கேட்கிற கீழ்வீட்டுக்காரருக்கு மொத்தச் சத்தம்தான் தெரியும். எது யாருடையது என்று பிரிக்கத்தான் இவர் வந்திருக்கிறார்.

"ஒவ்வொருத்தரா பேசச் சொல்லி அளந்துக்கக் கூடாதா சார்?" என்றேன்.

"என் முன்னாடி எல்லாரும் பூனை மாதிரிதான் பேசுவாங்க. திங்கக்கிழமை யார் எத்தனை தடவை கத்தினாங்க, அதைச் சொல்லும்மா."

"அம்மா மூணு, அப்பா ரெண்டு."

"கீழ்வீட்டுக்காரர் அளந்து குடுத்த மொத்தச் சத்தம் பதினஞ்சு. செவ்வாய்க்கிழமை?"

"அம்மா ஆறு, அப்பா நாலு."

"மொத்தம் முப்பது."

"பெத்த பொண்ணே காட்டிக் குடுக்குது பாருங்க" என்றார் அம்மா.

"உனக்குத்தான் கூடப் போட்டுக் குடுத்திருக்காளே, சந்தோஷப்படு" என்றார் அப்பா.

சாக்பீஸ்காரர் தரையில் இரண்டு வரி எழுதினார். முதல் வரியின் மேல் மூன்று அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் நின்றார்கள். இரண்டாவது வரியில் ஆறு அம்மாக்கள், நான்கு அப்பாக்கள். "ரெண்டு வரியிலயும் அம்மா எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். அப்பதான் கழிக்கும்போது அம்மா போவாங்க, அப்பா நிப்பாரு. அவரை வச்சு அம்மாவைத் திருப்பிக் கூப்பிட்டுக்கலாம்" என்று விளக்கி, முதல் வரியை இரண்டால் பெருக்கினார்.

கூடத்தில் நிற்க இடமில்லை. ஓர் அம்மா இன்னோர் அம்மாவின் தலையைப் பார்த்து, "உனக்கும் இவ்வளவு நரைச்சிடுச்சா?" என்று வருத்தப்பட்டார். நான்கு அப்பாக்கள் ஒரே செய்தித்தாளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கழிக்கிறேன்" என்றார் அவர்.

கூடம் காலியானது. செய்தித்தாள் தரையில் விழுந்தது. அதன் பக்கத்தில் சாக்பீஸ் எழுத்தில் பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று மட்டும் இருந்தது.

"எங்க சார் எங்கப்பா?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒருத்தராவது நிக்கணுமே! ஏம்மா, நீ சொன்னதையே ரெண்டு மடங்காக்கிச் சொல்லியிருக்க. ரெண்டு வரியும் ஒரே வரி. வேற ஒரு நாளைச் சொல்லு, சீக்கிரம்."

"புதன்கிழமை அம்மா ஒம்பது, அப்பா ஆறு."

"அதுவும் அதேதான்! உங்க வீட்ல சண்டைக்கு அளவுக்கரண்டியா வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எந்தச் சண்டையானாலும் அம்மா ஆரம்பிப்பார். அப்பா பதில் சொல்வார். அம்மா, மறுபடி அப்பா. கடைசி வார்த்தை அம்மாவுடையது. ஒரு நாளைக்கு எத்தனை சண்டை என்பதுதான் மாறும்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்த அன்னைக்கு…"

"அப்பா?"

"அம்மா ஆரம்பிச்சாத்தானே அவரு பேசுவாரு."

"பூஜ்யம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அலமாரி வந்த நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது; அவரிடம் சொன்னேன். அது வாசலில் நுழையாது என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அது பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டபோது அப்பா ஒரே ஒரு முறை, "நீ சொன்னது சரி" என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

"அப்பா ஒண்ணு, அம்மா பூஜ்யம்!" அவர் துள்ளினார். "சத்தம் எவ்வளவு?"

அன்று கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லை; அளவு யாரிடமும் இல்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அப்பாவின் சத்தம் மூன்றுக்குக் குறைந்தால் அம்மாவுடையது பெரியதாகி, அம்மா பெட்டி கட்ட வேண்டும். கூடினால் அப்பா.

"மூணு" என்றேன்.

"நிச்சயமா?"

"மூணேதான் சார்."

'நீ சொன்னது சரி': அப்பா ஒன்று, சத்தம் மூன்று என்று அவர் எழுதினார். அப்பா வந்தார். அப்பாவைப் பழைய வரியில் வைத்ததும் அம்மாவும் வந்தார். ஒரு கத்தலுக்கு ஆளுக்கு மூன்று சத்தம். "சரிசமம். யாரும் போக வேண்டாம்" என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தரையில் எழுதியிருந்ததை அப்பா குனிந்து படித்தார். "நான் எப்போ இவகிட்ட அப்படிச் சொன்னேன்? சொல்லவே இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பாதங்கள் மறைந்தன. அம்மாவின் பாதங்களும்.

"ஐயையோ, மறுக்காதீங்க சார்! உங்களை வச்சுத்தான் அவங்களைக் கண்டுபிடிச்சேன். திருப்பிச் சொல்லுங்க, மூணு சத்தத்துல. அம்மா, நீங்க மூச்சு விடக் கூடாது, பூஜ்யம்!" சாக்பீஸ்காரர் கருவியை நீட்டினார்.

அப்பா முனகினார். முள் ஒன்றுக்கு வந்து நின்றது. முழங்கால்கள் போய்விட்டன.

"அப்பா, சத்தமாப்பா!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் விரிந்திருந்தது.

"நீ சொன்னது சரி!" என்று அப்பா கத்தினார்.

முள் மூன்றைத் தொட்டது. கால்கள் திரும்பி வந்தன, அப்பாவுடையவை கொஞ்சம் தாமதமாக. சாக்பீஸ்காரர் குனிந்து இரண்டு பேரின் கால்களையும் விரலால் தட்டிப் பார்த்தார். "கெட்டியா இருக்கு. இனிமே பேசலாம்மா."

அம்மா கையை எடுத்தார். அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்காலிகளை நாங்கள் திருப்பிப் போட்டு முடித்த பிறகும் பேசவில்லை.

அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. "ஏய், ஏதாவது சொல்லேன்" என்றார்.