புண்ணியமூர்த்தி தோட்டா பார்த்த கதை

1.

முதலில் களவை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. ஜெர்மன் பேசும் டீட்டிகோன் நகரில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், புதன்கிழமை, உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது மேல்மாடிப் புண்ணியமூர்த்தி அண்ணையிடமிருந்து எடுத்தது.

அன்று உடுப்புத் தோய்க்கும் முறை எனக்கு. அவருக்கு வெள்ளிக்கிழமை. முறை மாறி இந்த நாட்டில் ஒருவரும் அந்த அறைக்குள் வருவதில்லை, வந்தால் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். ஆனால் அவர் கூடையில்லாமல், கையில் ஒரு வழுவழுப்பான புத்தகத்தோடு வந்தார்.

"தங்கச்சி, உமக்கு டொச் நல்லா வரும். உதைப்பு மிதமானது எண்டு போட்டிருக்கு. மிதம் எண்டால் எவ்வளவு மிதம்?"

புத்தகம் முழுக்கத் துவக்கு, விதவிதமான துப்பாக்கிகள். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். துவக்கின் எந்தப் பக்கத்தால் சன்னம் போகும் என்பது மட்டும் தெரியும். ஆனாலும் கதை வாசலுக்கு வந்து நிற்கும்போது கதவைச் சாத்த எனக்கு வராது.

(எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதும் என்றார். ஒரே நிபந்தனை: "என்னைக் கொஞ்சம் உயரமா எழுதும்." ஆகவே இந்தக் கதையில் புண்ணியமூர்த்தி ஐந்தடி பத்தங்குலம்.)

2.

தொடக்கம் ஒன்று: பனி மூடிய காட்டின் விளிம்பில், தோளில் துவக்கோடு, தன்னந்தனியனாய் ஒரு தமிழன்

இல்லை. இது வங்கியில் இலவசமாய்த் தருகிற கலண்டர்.

தொடக்கம் இரண்டு: துவக்குக்கும் ஈழத்தமிழனுக்கும் உள்ள உறவு

இதுவும் இல்லை. இப்படித் தொடங்கினால் நீங்கள் நேரே யுத்தத்துக்குப் போய்விடுவீர்கள், திரும்பக் கூட்டிவர எனக்கு வலுவில்லை. புண்ணியமூர்த்தி துவக்குத் தூக்கினவரல்லர். துவக்கைக் கண்டு ஓடினவர். ஓடி ஓடி இங்கே வந்து நின்றவர். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தொடக்கம் மூன்று கீழே இருக்கிறது. வாசித்த சிநேகிதி ஒருத்தி, "புண்ணியமூர்த்தி எண்டு பேரை வைச்சுக்கொண்டு பன்றி சுடப் போறதோ, பேரை மாத்தும்" என்றாள். மாற்றவில்லை. பெயரைப் பெற்றோர் வைத்தார்கள், பன்றியை, அடுத்து வரப்போகிற வெர்னர் காட்டினார்.

3.

ஐம்பத்தெட்டு வயதுப் புண்ணியமூர்த்திக்கு லாகரில், அதாவது பொருட்கள் அடுக்கும் பெருங்கிடங்கில், இருபத்துநாலு வருட வேலை. அங்கே அவருக்கு மேலாளாக இருந்து ஓய்வு பெற்றவர் வெர்னர். டீட்டிகோனுக்கு மேலே உள்ள காட்டில் எட்டுப் பேர் கொண்ட வேட்டைக் குழு ஒன்றுக்கு அவர்தான் தலைவர். ஒன்பது வருடங்களுக்கு முன் ஆள் போதாமல், "மூர்த்தி, சனிக்கிழமை வாறியா, நடக்கிறதும் சத்தம் போடுறதும்தான் வேலை" என்று கூப்பிட்டார்.

அந்த வேலைக்கு ட்ரைபர் என்று பெயர். செம்மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரிசையாய்ப் பற்றைப் புதருக்குள் நடந்து, சத்தம் போட்டுப் பன்றியைக் கிளப்ப வேண்டும். மற்றவர்கள் "ஹோப் ஹோப்" என்றார்கள். புண்ணியமூர்த்திக்கு ஹோப் என்பது தொண்டைக்கு மேலே ஏறவில்லை. முதல் நாளே "அரோகரா" என்று ஒரு சத்தம் வைத்தார். பற்றை பிய்த்துக்கொண்டு ஏழு பன்றி ஓடியது. அடுத்த வருடம் ஒரு தச்சுவேலைக்காரர், ஒரு பால்பண்ணைக்காரர், ஒரு பல்வைத்தியர் என்று முழு வரிசையும் அரோகரா சொல்லிக்கொண்டு நடந்தது. அட்லிஸ்வில் முருகன் கோவில் தேரில்கூட அப்படி ஒரே குரலாய் வராது.

சத்தம் போடுகிறவருக்கு மெல்ல மெல்ல ஆசை வந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே துவக்கு வாங்க முடியாது. முதலில் இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. பிறகு இரண்டு வருடம் படித்து, மரம், மான், பறவை, சட்டம் எல்லாம் டொச்சில் எழுதி, வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணினார். வெர்னர் கையைக் குலுக்கி, "நவம்பர் மூன்றாம் சனி, ஏழாம் நிலை உனக்கு" என்றார். நிலை என்றால் பன்றி ஓடிவரும் வழியில் துவக்கோடு காத்து நிற்கிற இடம். சிவப்பு நாடா கட்டிய ஒரு பெட்டியும் கொடுத்தார். உள்ளே இருபது தோட்டா.

9.3×62. சன்னத்தின் தடிப்பு ஒன்பது தசம் மூன்று மில்லிமீட்டர். குழுவில் எட்டுப் பேருக்கும் அதுதான். "பன்றிக்கு ஒன்பது மூன்று. மற்றதெல்லாம் முயலுக்கு," என்பார் வெர்னர். எல்லோரும் சிரிப்பார்கள். ஒன்பது வருடம் புண்ணியமூர்த்தியும் சிரித்தார்.

வெர்னருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் குழுவில் ஒரு கிழவர், மணிக்கட்டு நோகிறது என்று வாய்தவறிச் சொன்னார். வெர்னர் அவருக்கு நல்ல வைன் வாங்கிக் கொடுத்து, மிகவும் மரியாதையாக, அவருடைய நிலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அது பிறகு திரும்பி வரவேயில்லை.

4.

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எல்லோரும் 9.3 வைத்திருக்கிறார்கள். தோட்டாவும் இனாமாய் வீட்டில் இருக்கிறது. பிறகேன் இந்த மனிதர் மூன்று கிழமையாய் 8×57 என்ற சின்னதைப் பற்றியே கேட்கிறார்? ஒன்பதின் சன்னம் பதினெட்டரைக் கிராம், எட்டின் சன்னம் பன்னிரண்டே முக்கால், எட்டும் பன்றிக்குத் தாராளம் என்று மூன்று சஞ்சிகைகளில் எனக்குக் கோடு போட்டுக் காட்டினார். அரைத்தானியங்கித் துவக்கு* ஏன் என்று கேட்டால் "ரெண்டாவது வெடி கெதியா வைக்கலாம்" என்கிறார். ஆனால் அவர் கோடு போட்ட வரியில் இருந்தது வேறு: வெடிக்கிற வாயுவில் ஒரு பங்கு அடுத்த தோட்டாவை ஏற்றப் போய்விடுவதால் தோளில் உதைப்புக் குறையும்.

(* இந்த நாட்டு வேட்டைச் சட்டப்படி அரைத்தானியங்கித் துவக்கின் மகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், இரண்டு தோட்டாவுக்கு மேல் கூடாது. சுடத் தயாராய்க் குழலின் அறையில் ஒன்று. மொத்தம் மூன்று. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், எனக்குப் பின்னால் தேவைப்படும்.)

உண்மையைச் சொன்னவர் அவருடைய மனைவி சிவகலா அக்கா. வெள்ளிக்கிழமை, அவர்களுடைய முறையில், ஈரப் போர்வையின் ஒரு நுனியை என்னிடம் தந்து முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"என்னைப் பொம்பிளை பாக்க வரேக்க இந்த மனிசன் ஒரு கேள்வி கேக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போனது. இப்ப ஒரு தோட்டாவுக்கு நாள் முழுக்கப் பொருத்தம் பாக்குது."

"ஏன் அக்கா?"

"தோள்தான். மூண்டு வருசத்துக்கு முன்னம் பலகைத்தட்டு விழுந்து வலத்தோள் ஒப்பரேசன் செய்து வெட்டினது. வெர்னர் அப்ப பென்சனில, அவருக்குச் சொல்லேல்லை. ஊருக்குப் போறன் எண்டு அவருக்கொரு கதை சொல்லிட்டு உதில பின்ரூமில கிடந்தது."

கதாசிரியையிடமே பொய் சொல்கிற பாத்திரத்தை என்ன செய்வது? கோபம் வந்தது. பிறகு அந்தக் கிழவரின் மணிக்கட்டு நினைவுக்கு வந்து கோபம் இறங்கிவிட்டது. ஒன்பது வருடம் பற்றைக்குள் கத்தி, ஐம்பத்தாறு வயதில் கொப்பி வாங்கி, வேற்று மொழியில் மான்களின் பல்வரிசை பாடமாக்கிய ஆள். ஏழாம் நிலையில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். பெரியதை எடுத்தால் தோள் காட்டிக்கொடுக்கும், சின்னதை எடுத்தால் வெர்னர் ஏன் என்று கேட்பார்.

5.

துவக்குக்கடைக்காரப் பெண் ஃபிராவ் எக்லி ஒரே துவக்கை இரண்டு அளவிலும் வைத்திருந்தார். சுட்டுப் பார்த்துச் சொல்லலாம், வெள்ளி பன்னிரண்டு மணிவரை இரண்டையும் ஒதுக்கி வைக்கிறேன், பிறகு வேறு ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். (அந்தக் காட்சியில் எனக்கு இடமில்லை. ஆனால் கார் ஓட்டியது நான், ஆகவே மூலையில் காதுமூடியோடு நிற்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.)

கடையின் சுடுகூடத்தில், முதலில் ஒன்பது. புண்ணியமூர்த்தி துவக்கின் அடிக்கட்டையைத் தோளில் பொருத்தினார். பொருத்தும்போதே தோள் தன் பாட்டில் ஒரு விரல் பின்னுக்குப் போனது. அதை இழுத்து முன்னே வைத்தார். உதடு அசைந்தது. வெடித்தது. ஐந்து தடவை. ஐந்தும் குறி அட்டையின் கீழே, இடப்பக்கம், பன்றியாக இருந்தால் வயிறு.

பிறகு எட்டு. ஐந்தும் நடுவில். ஒரு கோப்பையால் மூடிவிடலாம்.

ஃபிராவ் எக்லி அட்டையைப் பார்க்கவில்லை, புண்ணியமூர்த்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியதைச் சுடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்கிறீர்கள். என்ன அது?"

புண்ணியமூர்த்திக்கே தெரியவில்லை. யோசித்தார். முகம் சிவந்தது.

"முருகா," என்றார்.

"யார் அது?"

"எங்கட சாமி."

ஃபிராவ் எக்லி சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அட்டையின் மூலையில் குறித்தார்: ஒன்பது, முருகா ஐந்து. எட்டு, முருகா பூச்சியம். "நோகப் போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிகிறது. எட்டில் அந்தப் பெயர் வரவில்லை. ஒன்பதிலும் பழகப் பழகப் போகலாம். ஆனால் சனிக்கிழமைக்குள் போகாது," என்றார்.

 ஒப்பரேசன் முடிந்த நாளிலிருந்து பால் பெட்டி தூக்கினாலும் முருகா, கதவு தள்ளினாலும் முருகா என்று சிவகலா அக்கா பிறகு சொன்னார். வீட்டில் பக்தி கூடிவிட்டது என்று சந்தோசப்பட்டாராம்.

6.

மகசினில் இரண்டு. ஆகவே இரண்டு முடிவு எழுதினேன்.

முடிவு ஒன்று. அவர் ஒன்பதை எடுக்கிறார். ஏழாம் நிலை. கீழேயிருந்து அரோகரா சத்தம் ஏறி வருகிறது. பற்றை பிளந்து பன்றி வருகிறது, நாற்பது மீட்டர். உதடு அசைகிறது. வெடி வயிற்றில் படுகிறது. பன்றி விழாமல், பின்னங்காலை இழுத்துக்கொண்டு, முள்ளுக்குள் போய்

இதை என்னால் முடிக்க முடியவில்லை. நாய் தேடிப் போகும், வெர்னர் ஏழாம் நிலையை வேறு ஆளுக்குக் கொடுப்பார். அது பரவாயில்லை. அந்த மிருகத்தை நினைத்து எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை, என் கதைப் பன்றியாக இருந்தும்.

முடிவு இரண்டு. அவர் எட்டை எடுக்கிறார். ஒரே வெடி. பன்றி நின்ற இடத்தில் சாய்கிறது. வெர்னர் வருகிறார், இலைக்குள் கிடந்த வெற்றுத் தோட்டாக் கோதைக் குனிந்து எடுக்கிறார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் உள்ள இலக்கத்தை வாசிக்கிறார். "எட்டா?" என்கிறார். "ஏன்?" என்கிறார். அதற்குப் புண்ணியமூர்த்தி

இதையும் விட்டுவிட்டேன். பதிலுக்கு வெர்னர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவரை நான் இரண்டே தடவைதான் கண்டிருக்கிறேன், இரண்டு தடவையும் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கிழவரின் இடத்தைப் பறித்தவரும் அவர்தான்.

7.

இன்று வியாழக்கிழமை. பின்னேரம் ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, முடிச்சிட்டீரோ?"

"எதை அண்ணை?"

"கதையை. நாளைக்குப் பன்னிரண்டுக்குள்ள கடைக்குச் சொல்லவேணும். நீர் என்னத்தை எழுதியிருக்கிறீரோ அதையே எடுப்பம் எண்டு இருக்கிறன்."

 இதுவரை பேனையால் ஒரு தோளும் நொந்ததில்லை. எட்டை எடுங்கள் என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். சொன்னால் துவக்கு மட்டும்தான் சரியாகும், வெர்னருக்கு மறுபடியும் ஒரு பொய் போகும். ஆகவே கதைக்காரப் புத்தியில் ஒன்று செய்தேன்.

"அண்ணை, என்னை வெர்னர் எண்டு நினையுங்கோ. என்ன எடுத்தனீ எண்டு கேக்கிறன். ரெண்டு பதிலையும் சொல்லிப் பாருங்கோ."

"ஒன்பது மூன்று," என்றார், தடங்கலில்லாமல், கடையில் பாண் கேட்கிற மாதிரி.

"மற்றது?"

 பின்னால் சிவகலா அக்கா கறி தாளிப்பது கேட்டது. பிறகு மிக மெதுவாக,

"முருகா," என்றார். "எட்டு."

 அவருக்கும் கேட்டுவிட்டது. துவக்கில் உதைப்பது ஒன்பது, வெர்னருக்கு முன்னால் உதைப்பது எட்டு. நானும் ஃபிராவ் எக்லியும் தோளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கேட்டனீரோ?"

"ஓம் அண்ணை."

"பழகப் பழகப் போகும் எண்டவ அந்த மனிசி."

"ஓம்."

"அப்ப இன்னொருக்காச் சொல்லட்டோ? நீர் வெர்னராவே இரும்."

துவக்கின் அறையில் ஒன்று மிச்சம் இருப்பதாக நாலாம் பகுதியில் சொன்னேன். அது இதுதான், அதை நான் சுடப் போவதில்லை. வெர்னராக நடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாசகரே, தொலைபேசியை நீங்கள் பிடியுங்கள். எட்டுப் பேரின் தலைவர் நீங்கள். ஏழாம் நிலை உங்கள் கையில். ஒன்பது வருடமாய் உங்களுக்காகப் பற்றைக்குள் அரோகரா சொன்ன மனிதர் மூச்சை இழுக்கிறார். இந்த முறை முன்னால் ஒரு பெயரும் வரவில்லை.

"எட்டு, வெர்னர். தோள் வெட்டினது. மூண்டு வருசமா உமக்குச் சொல்லேல்லை."

கேட்டுவிட்டீர்கள். அவர் லைனில் நிற்கிறார்.