சுவரில் மாட்டிய எடைத்தட்டுகள்

தெருவில் எல்லாருக்கும் அவள் நர்ஸம்மா. ஒரு விஷயத்தை முடிவு பண்ணிவிட்டால் பண்ணினதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பாள்; நாலாவது காலைக் கொண்டுவந்து காட்டினால், அது வேறு முயலுடையது என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரியில் அந்தக் குணத்துக்கு நல்ல பெயர். வார்டில் அவள் நிற்கிற நாளில் மருந்து மாறாது, படுக்கை மாறாது.

மகள் ஒருத்திதான். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் ஊசி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அந்த ஊசி கல்லூரிக்குப் போகிற வயதில் பளு தூக்கக் கற்றுக்கொண்டு, தன் எடையைவிட அதிகமான எடையைத் தலைக்கு மேல் நிறுத்தினாள். "ஊசி உலக்கையாயிட்டா" என்று அவள் அப்பா அச்சகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மற்றபடி அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நாளெல்லாம் அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் நிற்பவருக்கு வீட்டில் அமைதியாக இருப்பதே ஓய்வு.

வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. கார் கிடையாது. பாதி இடத்தில் ஊசி தூக்கிப் பழகுகிற இரும்பு பாரும் ரப்பர் விரிப்பும், மீதியில் அம்மாவின் ஸ்கூட்டர். பாரின் இரு முனையிலும் மாட்டுகிற எடைத்தட்டுகள் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. காலை ஷிஃப்டுக்கு வண்டியை வெளியே தள்ளும்போது அவற்றில் கால்விரலை இடித்துக்கொள்ளாத வாரம் இல்லை. ஒருநாள் நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததும், தட்டுகளை வைக்க உடனே ஒரு ஸ்டாண்டு வாங்கியாக வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னாள். அதைத்தான் மகள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளையாட்டுச் சாமான் கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்று, நடுவில் கம்பமும் அதிலிருந்து கிளை கிளையாகத் தட்டு மாட்டுகிற முளைகளும் உள்ளது. கடைக்காரர், ஒரு பக்கத்துத் தட்டுகளை மட்டும் எடுத்துவிட்டால் அது மறுபக்கம் சாயும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இன்னொன்று, தரையோடு தரையாக நீளமாக, பாத்திரம் காயவைக்கிற கூடை மாதிரி இருந்தது. மூன்றாவது, சுவரில் போல்ட் போட்டு மாட்டுகிற இரும்புப் பட்டையும் முளைகளும்.

ஊசிக்குத் தரையில் வைக்கிறதுதான் வேண்டும். தட்டைத் தூக்கவே வேண்டாம், உருட்டி வெளியே எடுத்து உருட்டி உள்ளே விடலாம். அவளுடைய பயிற்சியாளர் மேடமும் அதையே வாங்கச் சொல்லியிருந்தார். நர்ஸம்மா டேப்பை நீட்டி அளந்து பார்த்தாள். மனசுக்குள் ஷெட்டையும் அளந்தாள். அந்த ஸ்டாண்டு உள்ளே வந்தால் ஸ்கூட்டர் வெளியே போக வேண்டியதுதான். மழையில் நனைந்த சீட்டில் உட்கார்ந்து, வெள்ளைச் சீருடை ஒட்ட ஒட்ட வார்டுக்குள் நுழைகிற காட்சி கண்முன் வந்தது.

ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. சுவரில் மாட்டினால் தரை காலியாக இருக்கும், உனக்குத்தான் கையைக் காலை நீட்ட வசதி என்று சொன்னாள். ஸ்கூட்டர் என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை.

"நான் இடம் கேக்கலம்மா" என்றாள் ஊசி. "குனிஞ்சு உருட்டிக்கிற மாதிரி கேட்டேன்." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "சரி விடு. உனக்கு எது வசதியோ அதையே வாங்கு."

உனக்கு என்று அவள் சொன்னது நர்ஸம்மாவின் காதில் விழத்தான் செய்தது. விழாத மாதிரி பில் போடச் சொன்னாள்.

விடுமுறை நாளில் ஊசியின் அப்பா டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வந்தார். முதல் துளை போடும்போதே முனை வெண்ணெய்க்குள் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது. மெஷினை அணைத்து, துளையில் கம்பியை விட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"ஹாலோ பிளாக்கு. உள்ள வெறும் கூடு. இது தட்டு கனம் தாங்காது."

"ஆஸ்பத்திரியில எவ்வளவு பெரிய அலமாரியெல்லாம் சுவத்துல நிக்குது. நீளமான போல்ட்டா வாங்கி, கூட ரெண்டு போட்டா நிக்காதா?"

அவர் அவளைப் பார்த்தார். ஷெட்டின் அந்தப் பக்கம் நின்ற ஸ்கூட்டரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு நீளமான போல்ட் வாங்கக் கடைக்குப் போனார்.

நின்றது. சின்னத் தட்டு மேலே, பெரிய தட்டு இடுப்புயரத்தில் என்று வரிசையாக மாட்டினதும் ஷெட்டே பெரிய ஊர் ஜிம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவந்து நர்ஸம்மா காட்டினாள். ஊசியும் ஒன்றும் குறை சொல்லவில்லை. செலக்‌ஷன் போட்டி, அணிக்கு ஆள் எடுக்கிறது, நெருங்கிக்கொண்டிருந்தது; அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கொஞ்ச நாளில், காலையில் வண்டியை எடுக்கப் போனால் சீட்டின்மேல் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புப் பொடி. துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினாள். மறுநாளும் இருந்தது, துடைத்தாள். சாயங்காலம் கணவரிடம் சொல்லிச் சுவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். சாயங்காலம் அது ஞாபகத்துக்கு வராது. அப்படியே அந்த வாரம் போயிற்று.

போன் வந்தபோது அவள் வார்டில் இருந்தாள். கணவர்தான் பேசினார். "ஊசிய இங்கதான் கூட்டிட்டு வரேன்" என்றார்.

பெரிய தட்டை ஊசி இழுத்தபோது பட்டையே போல்ட்டோடும் சுவர்ப்பூச்சோடும் பெயர்ந்து வந்து, மாட்டியிருந்தது அத்தனையும் அவள் வலது பாதத்தில் விழுந்திருந்தது. சக்கர நாற்காலியை வார்டு பையன்களிடம் கொடுக்காமல் நர்ஸம்மாவே தள்ளினாள். எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர், பாதத்து எலும்புகள் மூன்று இடத்தில் போயிருக்கின்றன, கூடினாலும் பழைய பலம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார்.

நர்ஸம்மா எக்ஸ்ரேயை மறுபடி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அதற்குள் ஊசி சொன்னாள்: "கை வழுக்கிடுச்சு சார். என் கவனக்குறைவுதான்."

அதையே அவள் எல்லாரிடமும் சொன்னாள். பார்க்க வந்த தோழிகளிடம் சொன்னாள். பயிற்சியாளர் மேடம் வந்தபோதும் சொன்னாள். மேடம் கோபக்காரர். "தட்டைப் பிடிக்கக்கூடத் தெரியாம இத்தனை வருஷம் என்ன கத்துக்கிட்ட?" என்று மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஊசி தலையைக் குனிந்துகொண்டாள். படுக்கையின் தலைமாட்டில் நின்றிருந்த நர்ஸம்மா போர்வையைச் சரிசெய்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சுவர், சுவருக்குப் பின்னால் ஸ்கூட்டர், ஸ்கூட்டருக்குப் பின்னால் தான் என்று எல்லாம் வெளியே வரும். தான் வேலை பார்க்கிற இடத்தில், இத்தனை பேர் முன்னால்.

செலக்‌ஷன் முடிந்து போயிற்று. கால் கூடியது. ஊசி மறுபடி பயிற்சிக்குப் போய், சின்ன எடையிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் மேடம் போட்டிக்கு அனுப்பிய ஆட்களில் அவள் இல்லை. அதற்கப்புறம் அவள் பயிற்சிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. பிசியோதெரபி படிக்கச் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஊசியின் அப்பா சுவரில் இருந்த ஓட்டைகளைச் சிமென்ட் பூசி அடைத்தார். ஒருநாள் சாப்பிடும்போது நர்ஸம்மா தாங்க முடியாமல், "நீங்களாவது அன்னிக்கு என்னைத் திட்டியிருக்கலாம்" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டிரில்லு என் கையிலதான இருந்தது" என்றார்.

அந்த வார்த்தை அவளை உட்காரவிடவில்லை. லீவு போட்டுவிட்டுப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். மேடம் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். சுவர் ஸ்டாண்டை வாங்கினது, கணவர் சுவர் தாங்காது என்று சொன்னது, சீட்டில் தூசியைத் துடைத்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். மழைக்குப் பயந்ததையும் சொன்னாள்.

உள்ளே யாரோ பாரைக் கீழே போட்ட சத்தம் அடங்கின பிறகு மேடம் சொன்னார்: "கால் காரணமா நான் அவளை ஒதுக்கல, சிஸ்டர். கவனம் போயிடுச்சுன்னு நினைச்சுதான் ஒதுக்கினேன். அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொரு வருஷம் காத்திருந்திருப்பேன்."

தண்ணீர் கொடுத்தார். நர்ஸம்மா குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் மகள் வந்ததும், கடைக்குப் போய் அந்தத் தரை ஸ்டாண்டை வாங்கிவிடலாமா என்று கேட்டாள். ஊசி சிரித்தாள். தட்டுகளை எல்லாம் பயிற்சிக்கூடத்துக்கே கொடுத்துவிடலாம் என்றும், மேடத்திடம் கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னாள். அப்போதுதான் நர்ஸம்மா அங்கே போய்வந்ததைச் சொன்னாள். மேடம் சொன்னதையும் மறைக்கவில்லை.

ஊசி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பு என்னோடதுடி" என்றாள் நர்ஸம்மா. "உன்னைச் சொல்லவிட்டுட்டு நான் கேட்டுக்கிட்டே நின்னேன்."

"தெரியும்மா."

"எம்மேல கோவமே வரலியா உனக்கு?"

"ஆஸ்பத்திரியில நீ வாயத் திறப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் ஊசி. "நீ சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேன். நல்லாக் கத்தி அழுதிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

நர்ஸம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இப்போதாவது கத்தேன் என்று சொல்ல வந்தாள். அதைக் கேட்கவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஊசி வலது காலை நீட்டி, படிப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி பாதத்தைத் தானே மெல்ல அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் நின்றால் இன்னும் வலிக்கிறது என்றாள். அதை அவள் இதுவரை வீட்டில் சொன்னதே இல்லை.