சருகுக்கு அடியில் இருந்த மூடி

டெசா மீன் வேஷம் போட ஆரம்பித்த நாளிலிருந்து வெர்னாவுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இடுப்பு வலி என்றால் என்னவென்றே தெரியாத வயதிலிருந்து அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு மழைநீர்ப் பாடம் நடத்துகிறவள் வெர்னாதான். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் ஊரை விரிப்பாள். வயலில் கோகோ பொடி தூவினால் அது மண், ரோட்டில் சோயா சாஸ் சொட்டினால் அது கார் எண்ணெய். பிள்ளைகள் தண்ணீர் தெளித்து மழை பெய்விக்க, எல்லாம் வழிந்து போய் கடைசியில் உள்ள நீல விரிகுடா குழம்புச் சட்டியாகிவிடும்.

"ரோட்டு வடிகால்ல விழறது எதுவும் சுத்தம் பண்ற இடத்துக்குப் போகாது. நேரா ஓடைக்குத்தான் போகும்" என்று முடிப்பாள். பிள்ளைகள் மரியாதைக்குக் கைதட்டுவார்கள்.

போன அக்டோபரில் நகராட்சி டெசாவை அவளுக்குத் துணையாகப் போட்டது. அந்தப் பெண் வந்தாள், சால்மன் மீன் உடுப்பை மாட்டினாள், வகுப்பறைத் தரையில் படுத்துத் துள்ளினாள், "ஐயோ, சோப்புத் தண்ணி! மூச்சு முட்டுதே!" என்று அலறிச் செத்துப்போனாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு வெர்னா எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "மீன் மிஸ் வரலையா?" ஒரு தடவை, "அவங்களுக்கு ஜலதோஷம்" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்த சால்மன் குஞ்சுகளை அந்த வாரம்தான் பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விட்டிருந்தார்கள். அடுத்த வருடத் தொட்டிக்காகச் சனிக்கிழமை பள்ளி வாசலில் கார் கழுவிப் பணம் சேர்ப்பது என்று முடிவானது. யோசனை யாருடையது? டெசாவுடையதுதான், வேறு யார்! சோப்புத் தண்ணீர் ஓடைக்குப் போகாதபடி வடிகாலை அடைக்க ரப்பர் அடைப்பானும், தேங்கும் தண்ணீரைச் சுத்திகரிப்புக்குப் போகும் சாக்கடைக் குழாய்க்கு ஏற்ற ஒரு சின்ன பம்பும் வெர்னாவின் பொறுப்பில் இருந்தன. சனிக்கிழமை காலை கொண்டுவந்து கொடுத்தாள்.

மீன் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டெசா கேட்டாள், "இங்க வடிகால் மூடி இது ஒண்ணுதானே, வெர்னா?"

குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், ஊசியிலைச் சருகுக்கு அடியில் இன்னொரு கம்பி மூடி இருந்தது. வெர்னா அந்தச் சருகைத் தன் கையால் எத்தனையோ மழைக்காலம் கூட்டித் தள்ளியிருக்கிறாள்.

"கண்ணுக்குத் தெரியறது இது ஒண்ணுதான்" என்றாள். பொய் சொல்லவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். கொஞ்சம் நுரை அந்த மூலைக்குப் போகட்டும், ஊரே பார்க்க நான் போய் சுட்டிக்காட்டுகிறேன், மீன் மிஸ் திருதிருவென்று முழிக்கட்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

வேலை ஜோராக நடந்தது. "ஒரு காருக்கு ரெண்டு வாளிதான்! தண்ணிய வீணாக்காதீங்க!" என்று பிள்ளைகள் அப்பாக்களை மிரட்டினார்கள். அப்போது சேறு அப்பிய டிரக் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர், "இதுக்கு உங்க வாளி பத்தாதும்மா" என்று சிரித்துக்கொண்டே ரப்பர் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். நுரை பம்ப் பக்கம் போகாமல் மூலையைப் பார்த்து நெளிந்தது. வெர்னா வாயைத் திறக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து டெசா வாலை ஆட்டி ஆட, பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குதித்தார்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வெர்னா வாயை மூடிக்கொண்டாள்.

வில்லா என்ற சிறுமி ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், காலைல நம்ம குட்டிங்களப் பாத்தேன்! ஓடைல பெரிய குழாய் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுக்குக் கீழ நிழல்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது."

அந்தக் குழாய் எந்த மூடியிலிருந்து வருகிறது என்று வெர்னாவுக்குத் தெரியும். ஓடினாள். தொட்டிகளுக்குப் பின்னால் மண்டியிட்டுச் சருகை வாரி எறிந்தாள், மழைக்கோட்டைக் கழற்றிக் கம்பிமேல் திணித்து அதன்மேல் தானே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணிக் குழாய மூடுங்க! துண்டெல்லாம் இங்க கொண்டாங்க!"

பிள்ளைகள் பறந்து வந்து துண்டுகளால் அணை கட்டினார்கள். ஒருவன் ஓடைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "நுரை வரல! குட்டிங்க நல்லாருக்கு!" என்று கத்தினான். "வெர்னா மிஸ்! வெர்னா மிஸ்!" என்று ஒரே கூச்சல். டெசா ஓடிவந்து ஈரச் செதிலோடு அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா என் புத்திசாலித்தனத்துக்கு எல்லாக் குட்டிங்களும் செத்திருக்கும், வெர்னா."

இத்தனை மாதமாக ஏங்கியது கிடைத்துவிட்டது. நுரைக்குள் உட்கார்ந்திருந்த வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

வில்லா சருகுக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், இது சருகுக்கு அடியில மறைஞ்சுல்ல இருந்துச்சு? நீங்க எப்படித் தேடாம நேரா இங்க ஓடியாந்தீங்க?"

வெர்னா ஈரக் கோட்டின் ஓரத்தைக் கம்பிக்குள் இன்னும் அழுத்தித் திணித்தாள். தோளில் இருந்த டெசாவின் கை மெதுவாக விலகியது.

"நான் உங்களைக் கேட்டேனே, வெர்னா" என்றாள் டெசா.