ஓடவிட்டால் இரைச்சல்

நிரலை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு வரியாக நகர்த்தினால் எண்கள் வரவேண்டியபடியே வருகின்றன, ஓடவிட்டால் மட்டும் ஏன் இந்தப் பொரிகிற சத்தம்... அழகுமீனா லேப்டாப்பில் பிழைதேடும் மென்பொருளை மறுபடி இயக்கினாள். 'போர்டு இணைப்பில் இல்லை' என்றது. காலையிலிருந்து பதினோராவது தடவை. வயரைப் பிடுங்கிச் செருகினாள், உள்ளங்கை அகலப் பச்சைப் போர்டில் விளக்கு எரிந்தது, எரிந்து என்ன செய்ய, போன மாதமும்தான் எரிந்தது. கல்லூரி ஆய்வகத்து ஸ்டூலின் நுனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அம்மா வேலுத்தாய். சற்று முன் அந்தச் சத்தம் காதுக்குள் பொரிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாளே... ஐயோ, நான் என்ன காரியம் செய்தேன், வெடி கேட்ட காதில் அதையா விடுவது?

ஆறு வருடம் முன்னால் அச்சங்குளத்தில் அம்மா வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடித்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை, காது மட்டும் போனது. வாங்கிக் கொடுத்த காதுக் கருவியில் பேச்சும் இரைச்சலும் கலந்தே வருகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். இந்தப் போர்டு இரைச்சலைக் கழித்துப் பேச்சை மட்டும் கூட்டித் தரவேண்டும், அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் நடக்கமாட்டேன் என்கிறது. போன மாதம் பக்கத்து அறையில் மருந்து புகைந்து எல்லோரும் கத்திக்கொண்டு ஓட, அம்மா முதுகைக் காட்டியபடி திரி சொருகிக்கொண்டே இருந்தாளாம், கூட வேலைபார்க்கும் முருகேஸ்வரி அத்தை கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாளாம். வேலைக்குப் போகாதே என்றால் சீசன் முடியட்டும் என்கிறாள், எந்தச் சீசன், எப்போது முடிந்திருக்கிறது?

நிறுத்தினால் சரி, ஓடினால் தப்பு... அப்படியென்றால் நிறுத்தும்போது போர்டுக்கு நேரம் கிடைக்கிறது, ஓடும்போது கிடைக்கவில்லை. மைக்கிலிருந்து புது ஒலி வந்து விழுகிற அதே இடத்தில், பழைய ஒலியைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள்... அடச்சே, இரண்டுக்கும் ஒரே இடம், பழையதை முடிக்கும் முன்னே புதுசு வந்து அழிக்கிறது. மூன்று வாரம், இந்த ஒரு வரிக்கு. மாற்றினாள், போர்டில் ஏற்றினாள், ஓடவிட்டாள். திரையில் ஒலிக்கோடு அமைதியாக நின்றது. அதையும் நம்பவில்லை, போர்டு செத்துப்போயிருக்கும். அம்மாவுக்கு முதுகைக் காட்டி மைக் வயரை நேராக்கிக்கொண்டே, வழக்கம்போல முனகினாள்.

"நீ ஒருத்தி இல்லேன்னா நான் எப்பவோ பெங்களூருக்குப் போயிருப்பேன்."

"போயிருக்கலாம்ல ஆத்தா," என்றாள் அம்மா. "நானா பிடிச்சு வச்சேன்?"

வயர் கையிலேயே இருந்தது. கேட்டிருக்கிறது, தெளிவாக, ஒரு சொல் விடாமல்... வேலை செய்கிறது, சந்தோஷம் வரவேண்டும், எங்கே அது? திரும்பினாள். அம்மா முகத்தில் கோபமில்லை, ஹெட்போனை ஒரு விரலால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இம்புட்டு நாளும் வாயசைவைப் பாத்து நீ இதத்தான் சொல்லுதேன்னு நெனச்சேன். சரிதானான்னு தெரியாம இருந்துச்சு."

மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எதையாவது சொல்லவேண்டும், கத்தாமல், ஆறு வருடமாகக் கத்திய குரலை எந்த அளவில் வைத்துப் பேசுவது... சோறு வைக்கும்போது, பஸ்ஸில், மாத்திரை கொடுக்கும்போது, அம்மா காதில் விழாது என்று அவள் முகத்துக்கு நேரே எத்தனை சொல்லியிருக்கிறேன், அதில் எதையெல்லாம் சரியாகப் படித்தாள், சொல்லாத எதையெல்லாம் சொன்னதாக...